சிறு தொழிலின் சட்டச் சுமையைக் குறைப்பது எப்படி: ஒரு மசாலா ஆலையை முன்வைத்து முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரில் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் சாம்பார்ப் பொடியும் அரைத்து, பொட்டலம் போட்டு, சுற்றுவட்டாரக் கடைகளுக்கு விற்க நினைக்கும் ஒருவர் உள்ளாட்சி அமைப்பு, உணவுப் பாதுகாப்புத் துறை, எடையளவுத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மின்வாரியம், ஜிஎஸ்டி அலுவலகம், வருமான வரித் துறை, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று ஒன்பது வாசல்களையாவது ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. 1991 ஜூலை 24 அன்று அறிவிக்கப்பட்ட புதிய தொழிற்கொள்கை, சில தொழில்கள் தவிர மற்றவற்றுக்குத் தொழில் உரிமம் வாங்கும் கட்டாயத்தை நீக்கியது. 39,000-க்கு மேற்பட்ட இணக்க நடைமுறைகள் குறைக்கப்பட்டுள்ளதாக 2023-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை உரையில் சொல்லப்பட்டது. அதே ஆண்டு நிறைவேறிய ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 மத்தியச் சட்டங்களில் 183 பிரிவுகளைத் திருத்தி, சிறு தவறுகள் பலவற்றுக்குச் சிறைத் தண்டனை என்றிருந்ததை மாற்றியது. இவையெல்லாம் நல்லவையே. ஆனாலும் ஆலை முதலாளியின் மேசையில் குவியும் காகிதம் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை.

காரணம், சுமையின் பெரும்பகுதி அனுமதி வாங்குவதில் இல்லை, அனுமதி வாங்கிய பிறகு மாதந்தோறும் வரும் தேதிகளில் இருக்கிறது. கட்டணங்கள் பெரும்பாலும் சிறியவை. தவறிய தேதிக்கான தாமதக் கட்டணமும், தேவையில்லாமல் எடுத்த பதிவும், தொழிலுக்குப் பொருந்தாத நிறுவன வடிவமும்தான் பணத்தைத் தின்கின்றன. இவை மூன்றும் நம் கையில் இருப்பவை என்பதால், கீழே சொல்லப்படும் வரிசையிலேயே வேலையைச் செய்தால் சுமையில் கணிசமான பங்கை எந்த அலுவலகத்தின் தயவும் இன்றிக் குறைத்துக்கொள்ளலாம்.

முதலில் நிறுவன வடிவம்

தொழில் தொடங்கும் இளைஞர்கள் பலர் பெயருக்குப் பின்னால் 'பிரைவேட் லிமிடெட்' என்று இருந்தால்தான் மதிப்பு என்று எண்ணி அதில் இறங்குகிறார்கள். விற்பனை ஒரு ரூபாய்கூட இல்லாவிட்டாலும் அத்தகைய நிறுவனம் ஆண்டுதோறும் தணிக்கை செய்தாக வேண்டும். நிதி அறிக்கையையும் ஆண்டு அறிக்கையையும் நிறுவனப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இரண்டு படிவங்களை ஓராண்டு முழுவதும் மறந்துவிட்டால் அதுவே 73,000 ரூபாய். எனக்குத் தெரிந்த ஒருவர் ஆலையைத் தொடங்காமலே கைவிட்டு, பெயரளவில் மட்டும் இருந்த நிறுவனத்துக்காக இப்படிக் கட்ட நேர்ந்ததைப் பார்த்த பிறகே இதை முதல் இடத்தில் வைத்து எழுதுகிறேன்.

ஒருவரே உரிமையாளராக நடத்தும் தனியுரிமை நிறுவனத்துக்கோ சாதாரணக் கூட்டாண்மைக்கோ இந்தத் தாக்கல்கள் இல்லை. அதற்கு மேல் இன்னொரு பெரிய வசதியும் உண்டு. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்குள் இருந்தால், விற்பனையில் 8 விழுக்காட்டை, வங்கி வழியாகவோ மின்னணு முறையிலோ வந்த தொகைக்கு 6 விழுக்காட்டை, இலாபமாகக் காட்டி வருமான வரி செலுத்தும் அனுமான வரி முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ரொக்க வரவு மொத்தத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் இந்த வரம்பு 3 கோடியாக உயரும். விரிவான கணக்குப் புத்தகமும் வரித் தணிக்கையும் அப்போது தேவையில்லை. கம்பெனிக்கும் எல்எல்பிக்கும் (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) இந்த முறை கிடையாது. ஒருமுறை இதைத் தேர்ந்தெடுத்துவிட்டு இடையில் வெளியேறினால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்ப முடியாது என்பதை மட்டும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

வெளியாரிடம் முதலீடு திரட்டும் திட்டமோ, தொழில் நொடித்தால் வீடுவாசல் போய்விடும் அளவுக்குக் கடன் ஆபத்தோ இருந்தால் கம்பெனி வடிவம் தன் செலவுக்கு ஈடான பாதுகாப்பைத் தரும். நடுவழியாக எல்எல்பி இருக்கிறது. அதில் விற்பனை 40 இலட்சத்தையோ பங்களிப்பு 25 இலட்சத்தையோ தாண்டினால்தான் தணிக்கை கட்டாயம். ஆனால் அங்கும் ஆண்டுத் தாக்கலுக்கு மே 30, அக்டோபர் 30 ஆகிய இரு தேதிகள் காத்திருக்கின்றன. சிறியதாகத் தொடங்கி, தேவை வரும்போது மாற்றிக்கொள்வதே என் கருத்தில் உகந்தது.

முதல் பில் போடுவதற்கு முன்பே உத்யம்

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை, ஆவணம் எதையும் பதிவேற்ற வேண்டியதும் இல்லை. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் அரசு இணையதளத்தில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அரசுத் தளம்போலவே தோற்றமளித்து இதற்குப் பணம் வசூலிக்கும் தளங்கள் உண்டு; பணம் கேட்கும் தளத்தை அந்த இடத்திலேயே மூடிவிட வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் இயந்திர முதலீடு 2.5 கோடிக்கும் விற்பனை 10 கோடிக்கும் மேற்படாத நிறுவனம் குறு நிறுவனம். 25 கோடி முதலீடு, 100 கோடி விற்பனை வரை சிறு நிறுவனம். எனவே நம் மசாலா ஆலை நீண்ட காலத்துக்குக் குறு நிறுவனமாகவே இருக்கும்.

இந்தப் பதிவை முதல் பில்லுக்கு முன்பே எடுக்கச் சொல்வதற்குக் காரணம், நிலுவைத் தொகையை வசூலிக்கச் சட்டம் தரும் உரிமை இதனோடு கட்டப்பட்டிருப்பதுதான். பதிவுக்கு முந்தைய பரிவர்த்தனைக்கு அந்த உரிமை உண்டா என்று நீதிமன்றங்களில் நீண்ட வாதங்கள் நடந்துள்ளன. நாம் அந்த வாதத்துக்குள் போகவே தேவையில்லாதபடி தேதியை முன்கூட்டியே அமைத்துக்கொள்வது எளிது.

வரம்புகளை ஒரே தாளில் எழுதி ஒட்டுங்கள்

சட்டங்கள் எல்லாம் எல்லாருக்கும் பொருந்துவதில்லை. ஆள் எண்ணிக்கை, விற்பனை, சம்பளம் ஆகியவற்றில் ஒரு கோட்டைத் தாண்டும்போதுதான் அவை உயிர் பெறுகின்றன. மசாலா ஆலைக்கு முக்கியமான கோடுகள் இவை: சரக்கு விற்பனை 40 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு; 10 ஊழியர்கள் ஆனால் இஎஸ்ஐ; 20 ஆனால் பிஎஃப்; விற்பனை 1.5 கோடி வரை தொகுப்பு வரித் திட்டம் (விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் ஜிஎஸ்டியாகக் கட்டும் முறை). 5 கோடி வரை ஜிஎஸ்டியில் காலாண்டுத் தாக்கல். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் நம் எண்களை இந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கோட்டை நெருங்குவதை மூன்று மாதம் முன்பே அறிந்தவருக்கு அது ஒரு செலவுக் கணக்கு. தாண்டி இரண்டு ஆண்டு கழித்து ஆய்வாளர் சொல்லி அறிந்தவருக்கோ அது வட்டியும் அபராதமும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். ஜிஎஸ்டிக்கான விற்பனை என்பது ஒரே பான் எண்ணின் கீழ் நாடு முழுவதும் நடக்கும் எல்லா விற்பனையின் கூட்டுத் தொகை. வரியில்லாத பொருளின் விற்பனையும் அதில் சேரும். மேலும், வேறு மாநிலக் கடைக்குச் சரக்கு அனுப்புவதென்றால் விற்பனை 40 இலட்சத்துக்குள் இருந்தாலும் பதிவு தேவை.

ஜிஎஸ்டியில் சரியான வழியைத் தேர்தல்

சிறு தொழிலுக்கு நேரமும் பணமும் மிகுதியாக மிச்சமாகவோ வீணாகவோ போகும் இடம் இதுவே. சாதாரண முறையில் மாதந்தோறும் இரண்டு அறிக்கைகள் வீதம் ஆண்டுக்கு 24 தாக்கல்கள். காலாண்டு முறையில் அவை 8 ஆகின்றன. ஒவ்வொரு காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கும் அடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் சலான் மூலம் வரி கட்டினால் போதும். முந்தைய காலாண்டில் ரொக்கமாகக் கட்டிய வரியில் 35 விழுக்காட்டைத் தளமே சலானாகக் கணக்கிட்டுத் தரும். தொகுப்புத் திட்டத்தில் 4 காலாண்டுப் படிவங்களும் ஓர் ஆண்டு அறிக்கையும் மட்டுமே.

தாக்கல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தொகுப்புத் திட்டத்துக்குப் போய்விடக் கூடாது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆலையின் ஆண்டு விற்பனை 60 இலட்சம் ரூபாய், மசாலாவுக்கு வரி 5 விழுக்காடு, கொள்முதலில் கட்டிய வரி 2 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர்கள் வீட்டு நுகர்வோராக இருந்து, 60 இலட்சம் வரி உட்பட்ட விலையாக இருந்தால், சாதாரண முறையில் அதற்குள் அடங்கிய வரி ஏறக்குறைய 2.86 இலட்சம்; கொள்முதலில் கட்டிய 2 இலட்சம் இதில் கழிந்துவிடுவதால் மொத்தச் சுமை இதுவே. தொகுப்புத் திட்டத்தில் விற்பனையில் 1 விழுக்காடான 60,000 ரூபாயும், திரும்பக் கிடைக்காத 2 இலட்சமும் சேர்ந்து 2.6 இலட்சம். ஆகவே தொகுப்புத் திட்டத்தில் சுமார் 26,000 ரூபாய் மிச்சம், தாள் வேலையும் குறைவு.

ஆனால் வாங்குபவர்கள் ஜிஎஸ்டி பதிவுள்ள பல்பொருள் அங்காடிகளாக இருந்தால் நிலைமை தலைகீழாகிறது. சாதாரண முறையில் நாம் வசூலிக்கும் வரியை அவர்கள் உள்ளீட்டு வரவாக எடுத்து, தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார்கள், நம் கொள்முதல் வரியும் நமக்குக் கழிந்துவிடும். தொகுப்புத் திட்டத்தில் இருப்பவர் வரியைத் தனியாக வசூலிக்கவோ உள்ளீட்டு வரவு எடுக்கவோ முடியாது, வாங்குபவருக்கும் வரவு கிடைக்காது. அந்த 2.6 இலட்சம் விலைக்குள்ளேயே புதைந்து நம்மைப் போட்டியில் பின்னுக்குத் தள்ளும். ஆகவே விற்பனையில் பெரும்பங்கு யாரிடம் போகிறது என்பதே இங்கே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். நேரடி நுகர்வோர் மிகுதி என்றால் தொகுப்புத் திட்டம், கடைகள் மிகுதி என்றால் காலாண்டு முறை. தொகுப்புத் திட்டத்தில் வெளிமாநில விற்பனை கூடாது என்பதையும், அதில் சேர விரும்பும் ஜிஎஸ்டி பதிவுள்ளவர் நிதியாண்டு தொடங்குமுன் மார்ச் 31-க்குள் விருப்பம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

காலாண்டு முறையைத் தேர்ந்தவர்கள் ஒன்றைத் தவறாமல் செய்ய வேண்டும். கடைகளுக்குப் போட்ட பில்களை மாதந்தோறும் 13-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தளத்தின் பில் பதிவேற்ற வசதியில் ஏற்றிவிட்டால், வாங்கியவருக்கு அந்த மாதமே வரவு தெரியும். இல்லாவிட்டால் காலாண்டு முடியும்வரை அவர் காத்திருக்க வேண்டும். அதைக் காரணம் காட்டி நம் பணத்தையும் நிறுத்தி வைப்பார்.

விற்பனை இல்லாத மாதத்திலும் தாக்கல் உண்டு. பூச்சிய அறிக்கையைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியிலேயே அனுப்பலாம். தவறினால் நாளுக்கு 20 ரூபாய், வரி இருந்தால் நாளுக்கு 50 ரூபாய், 1.5 கோடிக்குட்பட்ட விற்பனை உள்ளவர்களுக்கு ஓர் அறிக்கைக்கு 2,000 ரூபாய் உச்சவரம்பு இருப்பது ஓர் ஆறுதல். வரிக்கு மேல் ஏறும் 18 விழுக்காடு வட்டிக்கு அத்தகைய வரம்பு இல்லை.

ஆட்களை மறைக்காதீர்கள்

ஒன்பது பேரோடும் பத்தொன்பது பேரோடும் நின்றுவிடும் ஆலைகள் நம்மிடையே நிறைய உண்டு. பத்தாவது ஆளைச் சேர்த்தால் இஎஸ்ஐ வந்துவிடும் என்பதற்காகச் சிலர் அவரைப் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. சிலர் ஒரே ஆலையை மனைவி பெயரிலும் தம்பி பெயரிலும் மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். இரண்டையும் செய்ய வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். ஒரே வளாகம், ஒரே இயந்திரம், ஒரே கணக்கர் என்று இருக்கும் பிரிவுகளை ஒன்றாகவே எண்ணும் அதிகாரம் துறைக்கு உண்டு. ஒப்பந்தக்காரர் மூலம் வரும் ஆட்களும் எண்ணிக்கையில் சேர்வார்கள். அதைவிட முக்கியமானது, அரவை இயந்திரத்தில் கை சிக்கிய பெண்ணுக்கு மருத்துவச் செலவும் ஊதிய இழப்பும் யார் தருவது என்ற கேள்வி. பதிவுள்ள இடத்தில் அதற்கு இஎஸ்ஐ பொறுப்பேற்கும், பதிவில்லாத இடத்தில் முழுச் சுமையும் முதலாளியின் தலையில் விழும்.

கணக்கும் பயமுறுத்தும் அளவில் இல்லை. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐயில் முதலாளி பங்கு 3.25 விழுக்காடு, ஊழியர் பங்கு 0.75 விழுக்காடு. 15,000 ரூபாய் சம்பளமுள்ள ஓர் ஊழியருக்கு முதலாளி கட்டுவது மாதம் 488 ரூபாய் அளவில்தான். பிஎஃப் இதைவிடக் கனமானது. இரு தரப்பும் 12 விழுக்காடு என்பதால், இருபதாவது ஆளை எடுக்குமுன் அந்த ஒருவருக்கு மட்டுமல்லாமல் தகுதியுள்ள எல்லாருக்குமான தொகையையும் விலை நிர்ணயத்தில் சேர்த்துவிட வேண்டும். ஒருமுறை வரம்புக்குள் வந்த நிறுவனம் ஆள் குறைந்தவுடன் தானாக வெளியேறிவிடுவதில்லை. இரண்டுக்கும் கடைசித் தேதி அடுத்த மாதம் 15. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. பிஎஃபில் அதற்கு மேல் இழப்பீடும் உண்டு.

ஆள் எண்ணிக்கையைக் கோடாக வைத்துச் சட்டம் எழுதுவது, வேலை கொடுப்பவரையே தண்டிப்பதுபோல் ஆகிறது என்ற குறை நியாயமானதே. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 29 பழைய சட்டங்களை ஒன்றாக்கியதோடு, மின்சக்தியில் இயங்கும் 'தொழிற்சாலை' என்பதற்கான எண்ணிக்கையை 10-இலிருந்து 20-ஆக உயர்த்தியுள்ளன. அதே நேரத்தில் எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதம் தருவதும், வேலையை விட்டுப் போகிறவருக்கு இரண்டு வேலை நாளில் ஊதியக் கணக்கை முடிப்பதும் கடமையாகியுள்ளன. பழைய விதிகளிலிருந்து புதியவற்றுக்கு மாறும் காலம் இது என்பதால், ஆலை உரிமம் பற்றி முடிவெடுக்குமுன் மாவட்டத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் பெறுவது நல்லது.

மற்ற அனுமதிகள்

உணவுத் தொழிலில் அளவைப் பொறுத்துப் பதிவோ உரிமமோ எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்) தளத்தில் பெற வேண்டும். அந்த எண் இல்லாமல் பொட்டலம் வெளியே போகக் கூடாது. எடையளவுத் துறையில் இரு வேலைகள் உண்டு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை, பொட்டலம் போடத் தொடங்கிய 90 நாளுக்குள் பொட்டலமிடுபவராகப் பதிவு. பொட்டலத்தின் மேல் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். உறையைப் பத்தாயிரக்கணக்கில் அச்சடிக்கக் கொடுக்குமுன் ஒரு மாதிரியை விதியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். அச்சான உறை முழுவதையும் குப்பையில் போட்ட ஆலைகள் உண்டு.

மாசுக் கட்டுப்பாட்டில் தொழில்கள் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று வகைப்படுத்தப்பட்டுள்ளன. வெள்ளை வகைக்கு ஒப்புதல் வாங்கும் கடமை நீக்கப்பட்டுவிட்டது. இயந்திரம் வாங்குமுன் நம் தொழில் எந்த வகையில் வருகிறது என்று பார்த்து, கூடுமானால் புகையும் கழிவுநீரும் குறைந்த இயந்திரத்தைத் தேர்வதே உரிமச் சுமையை அடியோடு குறைக்கும் வழி.

இந்த அனுமதிகளைத் தனித்தனியே தேடி அலைவதைவிட, 2018-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வணிக வசதியாக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஒற்றைச் சாளரத் தளத்தில் விண்ணப்பிப்பது மேல். ஒவ்வோர் அனுமதிக்கும் அங்கே காலக்கெடு வரையறுக்கப்பட்டுள்ளது. கெடு கடந்தால் மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளரிடம் விண்ணப்ப எண்ணோடு முறையிடலாம். அதிலும் பதில் வராவிட்டால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 'என் விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் இருந்தது' என்று மட்டும் கேளுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்றாலும், பல வேளைகளில் பதிலுக்கு முன்பே கோப்பு நகர்ந்துவிடுகிறது.

தேதிகளும் நோட்டீஸ்களும்

மாதத்தின் 13, 15, 22, 25 ஆகிய தேதிகளைச் சுவர் நாள்காட்டியில் சிவப்பில் வட்டமிடுங்கள். ஆனால் வேலையை 10-ஆம் தேதிக்கே முடியும்படி வையுங்கள். ஆடிட்டரிடம் பில்களைக் கொடுத்ததோடு கடமை முடிந்ததாக எண்ணாமல், தாக்கல் ஆனதற்கான ஒப்புகை எண்ணை வாங்கிக் கோப்பில் சேருங்கள். ஜிஎஸ்டி, பிஎஃப், வருமான வரித் தளங்களில் பதிவாகும் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் ஆடிட்டருடையதாக இருக்கக் கூடாது, உரிமையாளருடையதாகவே இருக்க வேண்டும். நோட்டீஸ் வந்ததே தெரியாமல் உத்தரவு வரை போன வழக்குகளுக்கு இந்தச் சிறு கவனக்குறைவே பெரும்பாலும் காரணம்.

நோட்டீஸ் வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அது தளத்திலும் இருக்கிறதா என்று சரிபார்த்து, குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். ஜிஎஸ்டி அறிக்கை வேறுபாடுகள் குறித்த முதற்கட்ட நோட்டீஸ் என்பது விளக்கம் கேட்பதே. ஆதாரத்தோடு பதில் தந்தால் அங்கேயே முடிந்துவிடக்கூடியது. உத்தரவு பாதகமாக வந்தால் மூன்று மாதத்துக்குள், சர்ச்சைக்குரிய வரியில் 10 விழுக்காட்டைக் கட்டி மேல்முறையீடு செய்யலாம். அலுவலகத்துக்கு நேரில் போய் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது பதிலாகாது.

சட்டம் தரும் உரிமையைக் கேட்டு வாங்குதல்

சுமையைப் பற்றியே பேசும் நாம், அதே சட்டப் புத்தகத்தில் நமக்காக எழுதப்பட்டிருப்பதைப் பயன்படுத்துவதில்லை. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டத்தின்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். மாநில வசதியாக்க மன்றத்தில் இணையம் வழியாக முறையிடலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் வாங்குபவர் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். அதோடு, இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை அவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட, உண்மையில் பணம் தரும் ஆண்டுவரை காத்திருக்க வேண்டும் என்ற விதி 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் வந்தது. 180 நாள் கடந்தும் பணம் தராவிட்டால் எடுத்த ஜிஎஸ்டி வரவையும் அவர் வட்டியோடு திருப்பியாக வேண்டும்.

நடைமுறையில் பெரிய வாடிக்கையாளரிடம் வழக்குக்குப் போகத் தயங்குவது இயல்பு. அதனால்தான் உத்யம் எண்ணையும் '45 நாளுக்குள் செலுத்த வேண்டும்' என்ற வரியையும் எல்லாப் பில்லிலும் அச்சிடச் சொல்கிறேன். மார்ச் மாதத் தொடக்கத்தில் நிலுவைப் பட்டியலை இந்த விதியைச் சுட்டி வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினால், ஆண்டுக் கணக்கை முடிக்கும் அவர்களுடைய ஆடிட்டரே பணத்தை விடுவிக்கச் சொல்வார். ஒன்று நினைவிருக்கட்டும்: தயாரிப்பாளருக்கும் சேவை தருபவருக்குமே இந்தப் பாதுகாப்பு, வாங்கி விற்கும் வணிகர் உத்யம் எண் வைத்திருந்தாலும் இந்த உரிமை அவருக்கு நீட்டிக்கப்படவில்லை.

நிறுத்தும்போது முறையாக மூடுங்கள்

தொழில் சரியாக நடக்காதபோது ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனால், பதிவுகள் உள்ளே உயிரோடு இருந்துகொண்டு கட்டணத்தைப் பெருக்கும். ஜிஎஸ்டிக்கு நிலுவை அறிக்கைகளை முடித்து இரத்துக்கு விண்ணப்பித்து, உத்தரவு வந்த மூன்று மாதத்துக்குள் இறுதி அறிக்கையைக் கொடுக்க வேண்டும். கையிருப்புச் சரக்குக்கு எடுத்த வரவை அப்போது திருப்ப வேண்டியிருக்கும் என்பதால் சரக்கை விற்றுத் தீர்த்த பிறகு விண்ணப்பிப்பது சிக்கனம். கம்பெனியாக இருந்தால் பெயர் நீக்க விண்ணப்பத்துக்கு 10,000 ரூபாய்க் கட்டணம். அதற்குமுன் பழைய தாக்கல்கள் முடிந்திருக்க வேண்டும். பிஎஃப், இஎஸ்ஐ அலுவலகங்களுக்கு மூடிய தேதியை எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள்; ஊழியர்கள் ஒவ்வொருவருக்கும் விலகிய தேதியைத் தளத்தில் பதிந்துவிடுங்கள். அந்தத் தேதி பதியப்படாததால் தம் சொந்தச் சேமிப்பை எடுக்க முடியாமல் மூடிய ஆலையின் வாசலில் வந்து நிற்பவர்கள் அங்கே மிளகாய் காயவைத்த பெண்களாகத்தான் இருப்பார்கள்.